ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும்: டெலனாட்டி ஸ்லிப்பர் ஆர்க்கிடை வளர்ப்பது எப்படி?

ஸ்லிப்பர் ஆர்க்கிட் ஒன்றை முதல் முறையாகத் தொட்டியிலிருந்து வெளியே எடுப்பவர்கள் பலரும் வேரைப் பார்த்ததும் பயந்துபோகிறார்கள். வேர்கள் கரும்பழுப்பு நிறத்தில், மேலெல்லாம் பொசுபொசுவென்று ரோமம் படர்ந்து, மண்ணில் புரண்டு வந்தது போல இருக்கும். ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிடின் வழவழப்பான வெள்ளி நிற வேர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அழுகிய வேராகத்தான் தெரியும். கத்தரிக்கோலை எடுத்து அத்தனையையும் நறுக்கிவிட்டு, "இருந்த நல்ல வேர் ஒன்றே ஒன்றுதான்" என்று சொன்னவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் வெட்டி எறிந்தது எல்லாமே உயிருள்ள வேர்கள்.

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் ஒரு வேரை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும், நசுங்காது. நுனி வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ ஈரப்பளபளப்போடு இருந்தால் அது வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அழுகிய வேர் அழுத்தியதும் தண்ணீரை விடும், அல்லது மேல்தோல் உறை போலக் கழன்று வந்து நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். அந்த ரோமங்கள் இந்தச் செடியின் இயல்பு. ஈரத்தைப் பிடித்துக்கொள்ளவே அவை இருக்கின்றன.

அந்த ரோமங்கள் எதற்காக என்று புரிந்துவிட்டால் ஸ்லிப்பர் ஆர்க்கிட் வளர்ப்பில் முக்கால்வாசி புரிந்த மாதிரி. மற்ற ஆர்க்கிட்கள் பலவும் தண்ணீரை எங்காவது சேமித்து வைக்கும். கேட்லியாவுக்கு அடியில் தடித்த போலிக்கிழங்கு இருக்கிறது, டெண்ட்ரோபியத்துக்குக் கரும்பு போன்ற தண்டு இருக்கிறது, ஃபெலனாப்சிஸுக்குச் சதைப்பற்றான பெரிய இலை. ஒரு வாரம் மறந்துபோனாலும் அவை சமாளித்துக்கொள்ளும். ஸ்லிப்பருக்கு அப்படி ஒரு சேமிப்பு கிடையாது. போலிக்கிழங்கும் இல்லை, தண்டும் இல்லை. விசிறி போல விரிந்த சில இலைகளும், அடியில் எண்ணிவிடக்கூடிய அளவு வேர்களும்தான். ஆகவே வேரைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் ஈரம் இருந்தாக வேண்டும். அதே நேரம் ஆர்க்கிட் வேர் மூச்சு விட வேண்டிய வேர். தண்ணீரில் ஊறிக் கிடந்தால் காற்றில்லாமல் திணறிச் சாகும். ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வேண்டும். இனி நான் சொல்லப்போகும் தொட்டி, கலவை, தண்ணீர், தொட்டி மாற்றுதல் எல்லாமே இந்த ஒரு தேவையைச் சுற்றித்தான் வரும்.

ஸ்லிப்பர் ஆர்க்கிட் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல பேரினங்கள் உண்டு. வெப்பமண்டல ஆசியாவில் வளர்பவை பாஃபியோபெடிலம். வளர்ப்பவர்கள் சுருக்கமாக பாஃப் என்பார்கள். பூவின் கீழிதழ் செருப்பின் முன்பக்கம் போல, ஒரு சின்னப் பை போலக் குழிந்திருப்பதால் இந்தப் பெயர். அழகுக்காக மட்டும் வந்த பை இல்லை அது. உள்ளே விழுந்த பூச்சி வழுக்கும் சுவரில் ஏறி வந்த வழியே திரும்ப முடியாது. பையின் பின்பக்கத்தில் ஏணி போல வரிசையாக ரோமங்கள் இருக்கின்றன. அதைப் பிடித்து ஏறினால் முதலில் சூல்முடியை உரசிக்கொண்டு, அடுத்து மகரந்தத்தை உரசிக்கொண்டு, ஓர் இடுக்கு வழியாக வெளியேறலாம். அடுத்த பூவிலும் அதே பூச்சி ஏமாந்தால் மகரந்தச் சேர்க்கை நடந்துவிடும்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது பாஃபியோபெடிலம் டெலனாட்டி. காரணம், செடி சிறியது, ஜன்னலோரத்தில் அடங்கும், பிடிவாதம் குறைவு. அதைவிட, பூ இல்லாத மாதங்களிலும் பார்க்கத் தகுந்த செடி. ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான இலைகள், மேலே கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கலந்து சதுரம் சதுரமாகக் கோலமிட்டது போல இருக்கும். இலையைத் திருப்பினால் அடிப்புறம் ஊதா. பூ வெள்ளையும் இளஞ்சிவப்பும், பை மட்டும் அடர்ந்த ரோஜா நிறம். ஸ்லிப்பர்களில் அபூர்வமாக, இதற்கு மணமும் உண்டு.

இதன் சொந்த ஊர் வியட்நாமின் தெற்குப் பகுதி மலைகள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில், மரநிழலில், சரிவான கருங்கல் பாறை இடுக்குகளில் வளர்கிறது. அந்த இடுக்கில் மக்கிய இலையும் பாசியும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். செடி அதில்தான் வேரூன்றுகிறது. மழை பெய்தால் தண்ணீர் அதன் வழியாக ஓடிவிடும், தேங்காது. மழை நின்றாலும் இலைமக்கிலும் பாசியிலும் ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும். துண்டு துண்டான மக்கின் இடைவெளிகளில் காற்று. ஈரமும் காற்றும் என்று மேலே சொன்னேனே, அதை அந்தப் பாறை இடுக்கு ஒரே மூச்சில் கொடுத்துவிடுகிறது. தொட்டிக்குள் நாம் செய்ய வேண்டியது அந்த இடுக்கை நகலெடுப்பதுதான்.

இந்தச் செடியின் வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் செடி மேல் தனி மரியாதை வரும். 1924-ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் கியோமென் இதற்குப் பெயர் வைத்தார். பிரான்சின் செயின்ட் ஜெர்மேன் தோட்டத்தில் இதை வளர்த்துப் பூக்க வைத்த டெலனா என்பவரின் பெயர்தான் அது. அந்தப் பெயர் வருவதற்கு முன்பே, 1922-ல், புவலான் என்ற சேகரிப்பாளர் இன்றைய வியட்நாமின் நியா சாங் அருகே சில செடிகளை எடுத்து பிரான்சுக்கு அனுப்பினார். வஷ்ரோ-லக்கூஃப்ல் என்ற ஆர்க்கிட் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தவற்றில் கடைசியில் பிழைத்தது ஒன்றே ஒன்று. அந்த ஒற்றைச் செடியின் பூவை அதன் சொந்த மகரந்தத்தாலேயே சேர்த்து, விதை எடுத்து, நாற்று வளர்த்தார்கள். அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் காட்டில் இந்த இனம் யார் கண்ணிலும் படவில்லை. உலகம் முழுக்க வளர்ந்த டெலனாட்டி எல்லாமே அந்த ஒரு செடியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1990-களின் தொடக்கத்தில்தான் வியட்நாமில் மீண்டும் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த வேகத்தில் காட்டிலிருந்து கூடை கூடையாகப் பிடுங்கியதும் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கருங்கல் என்று சொன்னதில் வளர்ப்பவருக்கு ஒரு சேதி இருக்கிறது. பாஃப்களில் பல இனங்கள் சுண்ணாம்புப் பாறையில் வளர்பவை. அவற்றுக்குச் சிப்பித் தூளோ டோலமைட்டோ கலவையில் சேர்ப்பது வழக்கம். அதைப் படித்துவிட்டு டெலனாட்டிக்கும் சுண்ணாம்பு போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். இது லேசான அமிலத்தன்மையுள்ள இடத்துச் செடி, கலவையும் தண்ணீரும் அப்படி இருந்தாலே போதும். ஓர் இனத்துக்குச் சரியான பழக்கம் பக்கத்து இனத்துக்குப் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது.

சரி, கலவைக்கு வருவோம். தோட்ட மண் ஒரு பிடிகூட வேண்டாம். மண்ணின் துகள்கள் நெருக்கமாகப் படிந்து காற்றை வெளியேற்றிவிடும். அடிப்படை, மரப்பட்டைத் துண்டுகள். ஊசியிலை மரத்தின் பட்டை நல்லது, 6 முதல் 12 மில்லிமீட்டர் வரையிலான துண்டுகள். பத்துப் பங்கு கலவையில் ஆறு பங்கு பட்டை, இரண்டு பங்கு பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) அல்லது எரிமலைக் கல், ஒரு பங்கு மரக்கரி, ஒரு பங்கு நறுக்கிய ஸ்பேக்னம் பாசி. பட்டையும் கல்லும் காற்றுக்கு, பாசி ஈரத்துக்கு. உங்கள் இடம் வறண்டதாக இருந்தால் பாசியைக் கூட்டுங்கள், ஈரம் மிகுந்த இடமானால் பாசியை விட்டுவிடுங்கள். தேங்காய் மட்டைத் துண்டுகளையும் பட்டைக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம், ஆனால் அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, அப்புறம்தான் செடிக்குக் கொடுக்க வேண்டும். எந்தக் கலவையானாலும் முதலில் சல்லடையில் சலித்துத் தூளை எறிந்துவிடுங்கள். தூள் அடியில் போய்ப் படிந்து சேறாகிவிடும். பெர்லைட்டை லேசாக நனைத்துவிட்டுக் கையாளுங்கள், அந்த வெள்ளைத் தூசியை மூச்சில் இழுப்பது நல்லதில்லை.

தொட்டி விஷயத்தில் கை நீளக் கூடாது. செடி பெரிதாகட்டும் என்று பெரிய தொட்டியில் வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. வேர் எட்டாத இடத்துக் கலவை காயவே காயாது. அந்த நடுப்பகுதி புளித்து, அழுகல் அங்கிருந்து தொடங்கும். இருக்கிற வேர்கள் வசதியாக அடங்கி, சுற்றிலும் ஒரு விரல் இடம் இருந்தால் போதும். பூக்கும் பருவத்துச் செடி ஒன்றுக்குப் பத்து சென்டிமீட்டர் வாயுள்ள பிளாஸ்டிக் தொட்டி சரியாக இருக்கும். அடியில் நிறைய ஓட்டை வேண்டும். மண் தொட்டி சுவர் வழியாக ஈரத்தை இழந்துவிடுவதால் இந்தச் செடிக்கு பிளாஸ்டிக்கே மேல் என்பது என் கருத்து.

தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை? இதற்கு நாள் கணக்கில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். கலவையும் தொட்டியும் காற்றும் வெயிலும் இடத்துக்கு இடம் மாறும். நான் செய்வதைச் சொல்கிறேன். பல் குத்தும் குச்சியைவிட நீளமான மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் ஓரமாக அடி வரை செருகி அப்படியே விட்டுவிடுவேன். நீர் ஊற்றலாமா என்று சந்தேகம் வரும்போது அதை உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். விரலைவிடக் கன்னம் ஈரத்தை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். குளிர்ச்சியாகப் பட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது, காத்திருக்கலாம். குளிர்ச்சி லேசாக மட்டும் தெரிந்தால் அன்றைக்கே தண்ணீர். குச்சி காய்ந்து சுள்ளென்று இருந்தால் ஒரு நாள் தாமதித்துவிட்டோம். ஒரு மாதம் இப்படிச் செய்தால் தொட்டியைத் தூக்கிப் பார்த்தே எடையில் சொல்லிவிடுவீர்கள்.

ஊற்றும்போது தாராளமாக ஊற்றுங்கள், அடி ஓட்டை வழியாக ஓடட்டும். சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதால் மேல்பாகம் மட்டும் நனையும், உப்பும் உள்ளேயே தங்கும். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். காலை நேரம்தான் ஏற்றது. இலைகள் சேரும் நடுக்குருத்தில் தண்ணீர் நின்றால் இரவுக்குள் காய்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் குருத்து அழுகும். எனக்கு ஒரு பழக்கம் உண்டு: டிஷ்யூ காகிதத்தின் மூலையைத் திரி போல முறுக்கி, குருத்தின் இடுக்கில் தொட்டு வைப்பேன். தேங்கிய நீரை அது உறிஞ்சிவிடும். அரை நிமிட வேலை.

தண்ணீரின் தரமும் முக்கியம். உப்புத் தண்ணீர், கடினநீர் இரண்டும் இதற்கு ஆகாது. முதலில் இலை நுனி பழுப்பாகிக் கருகும், அப்புறம் வேர் நுனி கருகும். மழைநீர் மிக நல்லது. ஆர்ஓ நீரும் சரி. டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 100-க்குள் இருக்கும் தண்ணீரானால் கவலையில்லை.

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்று. நான் முதலில் வாங்கிய டெலனாட்டி, பழைய ஸ்பேக்னம் பாசி இறுக்கமாக அடைத்த தொட்டியில் வந்தது. மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு இலைகள் விறைப்பு இழந்து, தோல் போலத் துவள ஆரம்பித்தன. தாகம் என்று நினைத்தேன். தண்ணீரைக் கூட்டினேன். இன்னும் துவண்டது, இன்னும் ஊற்றினேன். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்தபோது பாசி கறுத்து, சாக்கடை வாடையோடு வந்தது. ஒரு வேர் மிச்சமில்லை. தண்ணீரில் நின்றுகொண்டே அந்தச் செடி தாகத்தில் வாடியிருக்கிறது. வேர் அழுகினாலும் இலை துவளும், வேர் காய்ந்தாலும் இலை துவளும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆகவே இலை துவண்டால் கை தண்ணீர்க் குவளைக்குப் போகக் கூடாது, முதலில் வேரைப் பார்க்க வேண்டும். அந்தச் செடி பிழைத்தது. அழுகியதை எல்லாம் வெட்டி, அடித்தண்டைச் சுற்றிப் புதிய பாசியைத் தளர்வாக வைத்து, ஒளிபுகும் மூடியிட்ட பெட்டிக்குள் நிழலில் வைத்திருந்தேன். நான்கு மாதத்துக்கு அப்புறம் அரிசி மணி அளவில் ஒரு வேர் முனை எட்டிப் பார்த்தது. ஸ்லிப்பர் வேர் விடுவதில் அவசரப்படாது. இருக்கும் சில வேர்களைப் பொத்திப் பாதுகாக்கச் சொல்வது அதனால்தான்.

வெளிச்சத்தில் இது ஆசை குறைந்த செடி. பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் லக்ஸ் போதும், மற்ற ஆர்க்கிட்கள் பல கேட்பதில் பாதிகூட இல்லை. லக்ஸ் மீட்டர் இல்லாவிட்டால் நண்பகலில் கையை இலைக்கு ஓர் அடி மேலே நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் மங்கலாக, விளிம்பு கலைந்து விழுந்தால் சரியான வெளிச்சம். விரல் விரலாகக் கூர்மையாக விழுந்தால் அதிகம். நிழலே தெரியாவிட்டால் குறைவு. இலையும் சொல்லும். கோலம் வெளுத்து மஞ்சளடித்தால் வெயில் கூடிவிட்டது. இலை நீண்டு, கறுத்த பச்சையில் தொங்கினால் வெளிச்சம் போதவில்லை; அப்படிப்பட்ட செடி வருடக்கணக்கில் இலை மட்டுமே விடும். காலை இளவெயில் தவிர நேர்வெயில் படவே கூடாது. எல்இடி விளக்கின் கீழும் நன்றாகவே வளரும், நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம்.

வெப்பம், பகலில் 22 முதல் 28 டிகிரி, இரவில் 15 முதல் 18 டிகிரி. பகலில் 30-ஐத் தாண்டினாலும் நிழலும் காற்றோட்டமும் இருந்தால் தாங்கும். குளிர்காலத்தில் சில வாரம் இரவு இன்னும் சற்றே குளிர்ந்து, தண்ணீரையும் கொஞ்சம் குறைத்தால் பூக்கத் தூண்டுதலாக இருக்கும். குறைப்பது என்றால் காயவிடுவது இல்லை, இதற்குச் சேமிப்பு கிடையாது என்பதை மறக்க வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் இருக்கட்டும். ஈரப்பதத்தைக் கூட்ட இலை மேல் நீர் தெளித்துக்கொண்டே இருப்பதைவிட, கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைத்து அதன் மேல் தொட்டியை வைப்பது பாதுகாப்பானது. தொட்டி அடி தண்ணீரைத் தொடக் கூடாது. இலை லேசாக அசையும் அளவுக்கு ஒரு சின்ன மின்விசிறியும் சுழன்றால் அழுகல் நோய் பாதி குறையும்.

உரம் கொஞ்சமாகப் போதும். டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் கால் பங்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரால் தொட்டியை நன்றாக அலசி உப்பை வெளியேற்றுங்கள். மழைநீரோ ஆர்ஓ நீரோ மட்டும் கொடுப்பவர்கள் கால்சியமும் மக்னீசியமும் உள்ள உரமாகப் பார்த்து வாங்க வேண்டும், அந்த நீரில் அவை இருக்காது.

ஓராண்டுக்கு ஒரு முறை, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டில், தொட்டி மாற்ற வேண்டும். செடி நன்றாக இருக்கிறதே, ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று தோன்றும். பட்டை மக்கி, சிதைந்து, இடைவெளிகள் அடைபடுவது மேலே தெரியாது. தெரியும்போது வேர் போயிருக்கும். பூ முடிந்த பின், புதுக் கன்று வேர்விடத் தொடங்கும் சமயம் பார்த்துச் செய்யுங்கள்.

ஒரு செய்தித்தாளை விரித்து, தொட்டியின் பக்கங்களை அமுக்கித் தளர்த்தி, செடியை இழுக்காமல் தொட்டியைக் கவிழ்த்து எடுங்கள். பழைய கலவையை விரலால் உதிர்த்துவிடுங்கள். வேரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டைத் துண்டைப் பிய்க்க வேண்டாம், அந்த ரோமங்கள் அதைப் பற்றியிருக்கின்றன. பிய்த்தால் தோலோடு வரும். அழுகியதை மட்டும், நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தரியால் வெட்டுங்கள். இப்போது அடித்தண்டைக் கவனியுங்கள். புது வேர் எப்போதும் புதுக் கன்றின் அடியிலிருந்துதான் வரும். ஒவ்வொரு கன்றும் முந்தியதைவிடச் சற்று மேலே முளைப்பதால், இரண்டு மூன்று ஆண்டில் செடி கலவைக்கு மேலே ஏறி நிற்கும். வரும் வேர் முனை வறண்ட காற்றில் கால் வைத்து அப்படியே நின்றுவிடும். எனவே இலைகள் தொடங்கும் இடம் கலவையின் மேல்மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரும்படி செடியை இறக்கி வையுங்கள். கலவையைச் சுற்றிலும் போட்டுத் தொட்டியைத் தட்டித் தட்டி இறக்குங்கள், கட்டை விரலால் குத்தி அடைக்க வேண்டாம். கடைசியில் இலைகளைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். தொட்டியும் கூடவே எழும்பினால் செடி சரியாக நின்றிருக்கிறது. ஆடினால் ஒரு குச்சியால் முட்டுக் கொடுங்கள், ஆடுகிற செடியின் புது வேர் நுனி உரசிச் செத்துப்போகும்.

நோய் நொடியில் முதல் எதிரி பாக்டீரியா அழுகல். இலையில் தண்ணீர்க் கொப்புளம் போல ஒரு புள்ளி விழும், மறுநாள் பழுப்பாகும், இரண்டு மூன்று நாளில் குருத்து வரை போய்விடும். கெட்ட வாடையும் வீசும். பார்த்த அன்றே நல்ல பச்சை வரை வெட்டி, வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத் தூளைத் தடவி, செடியைத் தனியே வையுங்கள். அந்தத் தூள் வேரில் படக் கூடாது, வேரைக் காயவைத்துவிடும். மாவுப்பூச்சி இலை இடுக்கில் பஞ்சு போல ஒளிந்திருக்கும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் திரும்பச் செய்தால் ஒழியும்.

வாங்கும்போது இரண்டு மூன்று கன்றுகள் சேர்ந்த, இலை விறைப்பாக உள்ள செடியாகத் தேர்ந்தெடுங்கள். ஃபெலனாப்சிஸைத் திசு வளர்ப்பில் லட்சக்கணக்கில் நகலெடுப்பது போல பாஃப்களை எடுக்க முடிவதில்லை. விதை அல்லது கன்று பிரிப்பு, இரண்டே வழி. ஆர்க்கிட் விதையோ தூசு போன்றது, முளைக்கத் தேவையான உணவு அதில் கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை அதற்கு ஊட்டுகிறது. 1922-ல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த அகார் கூழில் பூஞ்சை இல்லாமலே ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்துக் காட்டிய பிறகுதான் குடுவை நாற்று எல்லோருக்கும் சாத்தியமானது. குடுவையிலிருந்து வந்த டெலனாட்டி நாற்று பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். தொடக்கத்தில் இருப்பவர்கள் பூக்கும் பருவத்தை நெருங்கிய செடியையே வாங்குவது நல்லது.

காட்டுச் செடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். பாஃபியோபெடிலம் பேரினம் முழுவதும், அழிவை நெருங்கும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து எடுத்ததை நாடு விட்டு நாடு வணிகம் செய்வதற்குத் தடை. தடை வந்த பிறகும் 1990-களில் வியட்நாமின் டெலனாட்டி அள்ளப்பட்டது. 1999-ல் அறிமுகமான பாஃபியோபெடிலம் வியட்நாமென்சே என்ற இனம், சில ஆண்டுகளிலேயே காட்டில் ஏறக்குறையத் துடைத்து எடுக்கப்பட்டுவிட்டது. அகத்தியமலையில் மட்டும் வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரியும் சேகரிப்பாளர்களின் ஆசையால் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட ஒன்றுதான். கடித்த தழும்பும் கிழிசலுமான இலை, ஒட்டியிருக்கும் காட்டுப் பாசி, உடைந்த வேர், சேர்ந்தாற்போல ஒரே அளவில் இல்லாத செடிகள்: இவை இருந்தால் விதையிலிருந்து வந்தவையா என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் நகர்ந்துவிடுங்கள். பண்ணை நாற்று விலையும் குறைவு, தொட்டி வாழ்க்கைக்கும் பழகியது. காட்டுச் செடி பெரும்பாலும் உங்கள் கையில் மெதுவாகச் சாகத்தான் வருகிறது.

பூவைப் பற்றிக் கடைசியாகச் சொல்லலாம் என்றே வைத்திருந்தேன். ஸ்லிப்பர் பூக்கும் முறை வாழையைப் போன்றது. ஒரு வாழைமரம் ஒரு முறைதான் குலை தள்ளும், பக்கக் கன்று தலைமுறையைத் தொடரும். டெலனாட்டியின் ஒவ்வொரு விசிறியும் அப்படித்தான் வாழ்நாளில் ஒரே முறை பூக்கும். அதன் அடியிலிருந்து வரும் கன்று வளர்ந்து அடுத்த பூவைத் தரும். வாழைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்: குலை வெட்டியதும் வாழையைச் சாய்த்துவிடுவோம், இங்கே பூத்து முடிந்த விசிறியை வெட்டவே கூடாது. அது இன்னும் பல ஆண்டு பச்சையாக நின்று கன்றுக்குச் சோறு போடும். சேமிப்பு இல்லாத செடிக்கு அந்தப் பழைய இலைகள்தான் சேமிப்பு. இதே காரணத்தால், மூன்று விசிறி சேர்ந்ததும் பிரித்து மூன்று செடியாக்கலாம் என்று அவசரப்படவும் கூடாது. பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் மூன்று விசிறியாவது இருக்கட்டும்.

விசிறி முதிர்ந்ததும் நடுக்குருத்தில், இரண்டு இலைக்கு நடுவே, தட்டையாக ஒரு பச்சை உறை தெரியும். சில வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட, அது அப்படியே நிற்கும். அந்தக் காலத்தில் இடம் மாற்றாதீர்கள், குருத்தில் தண்ணீர் நிற்க விடாதீர்கள், காயவும் விடாதீர்கள். மொட்டு உள்ளேயே கருகிப்போவது இந்த மூன்றில் ஒன்றால்தான். பிறகு ரோமம் அடர்ந்த தண்டு மெல்ல எழுந்து, ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில், தலை கவிழ்ந்த ஒரு மொட்டையோ இரண்டையோ நீட்டும். குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தத்துக்குள் இது நடக்கும். மொட்டு பருத்து, ஒரு நாள் காலையில் மேல் இதழ் மட்டும் விலகி நிற்கும். அடுத்த இரண்டு நாளில் பக்க இதழ்கள் விரியும், பை தன் உருண்டை வடிவத்துக்கு உப்பும், நிறம் ஏறும். மணத்தை முகர வேண்டுமானால் வெயில் ஏறிய முற்பகலில் முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ரோஜாவின் இனிமையும் பழத்தின் லேசான புளிப்பும் கலந்த மென்மையான வாசனை அது, மாலையில் தேடினால் கிடைக்காது.

நான்கைந்து வாரத்துக்குப் பூ அப்படியே இருக்கும். ஸ்லிப்பர் பூ இதழ் இதழாக உதிராது, ஒரு நாள் முழுப் பூவாகக் கழன்று கீழே கிடக்கும். அப்போது தண்டை மட்டும் அடியோடு வெட்டிவிட்டு, விசிறியின் அடியில் கலவையை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதற்குள்ளேயே கூரான ஒரு பச்சை முனை, ஊதா நிறம் ஓடி, பக்கவாட்டில் கிளம்பியிருக்கும்.